திசைவி

வீட்டுக்கு முதன்முதலாக அகலக்கற்றை இணைப்பு வந்ததும் சுவரோரம் அமரும் பெட்டியைச் சிலர் மோடம் என்கிறார்கள்; பலர் வைஃபை என்றே முடித்துவிடுகிறார்கள். மோடம் குறிப்பலையை மாற்றித் தருவது, வைஃபை கம்பியில்லாத் தொடர்பின் பெயர். பெட்டியின் முதன்மையான வேலை ரவுட்டர் என்ற சொல்லில்தான் இருக்கிறது. பிரெஞ்சு வழியாக வந்த அதன் வேர் லத்தீனில் ‘ருப்தா’, அதாவது உடைத்துத் திறந்த வழி. நம் ‘ஆறு’ம் வழிதான், பத்துப்பாட்டில் 5 நூல்கள் ஆற்றுப்படை. அப்படியானால் ரவுட்டரைத் தமிழில் ‘ஆற்றுப்படுத்தி’ என்னலாமே என்பார்கள். அழகுதான். ஆனால் ஆற்றுப்படுத்துதல் இப்போது மனநல ஆலோசனைக்குப் போய்விட்டது. தவிர, ஆற்றுப்படையில் பரிசில் பெற்ற பாணன் வள்ளலின் ஊர்வரை முழு வழியையும் சொல்வான். இந்தப் பெட்டியோ தரவுப் பொதியின் முகவரியைப் பார்த்து, அடுத்த எட்டு எந்தப் பக்கம் என்று மட்டும் காட்டும். மீதியை அடுத்த பெட்டி பார்த்துக்கொள்ளும். ஆகவே ‘திசைவி’யே பொருந்துகிறது. திசை வடமொழியாயிற்றே என்றால், வடசொல்லைத் தனியே பிரித்த தொல்காப்பியரே ‘திசைச்சொல்’ என்பதில் திசையை ஆண்டிருக்கிறார். வீட்டுத் திசைவிக்கு வெளியே தெரிந்த திசை பெரும்பாலும் ஒன்றுதான் என்பது வேறு விஷயம்: இணைப்புத் தந்த நிறுவனத்தின் பக்கம்.