சுவரைத் தாண்டிய காப்பீடு

அமெரிக்காவில் வாடகை வீட்டில் குடியிருப்பவர் வாங்கும் காப்பீடு, அவருடைய பெட்டி அயல்நாட்டு விடுதியில் திருடு போனாலும் பொதுவாக இழப்பீடு தருகிறது. குடியிருக்கும் வீட்டை வைத்து எடுத்த பாலிசி இவ்வளவு தூரம் எப்படிப் போனது? விற்பனைக்காகச் சேர்த்த சலுகை என்று கருதத் தோன்றும். வரலாறு வேறு பதில் தருகிறது. இந்த வீச்சு தீ காப்பீட்டிலிருந்து வளர்ந்ததல்ல, கப்பல் காப்பீட்டிலிருந்து வீட்டுக்குள் வந்தது.

தீ காப்பீடு தொடக்கம் முதலே இடத்தோடு கட்டுண்டது. 1752இல் பெஞ்சமின் ஃபிராங்க்ளினும் நண்பர்களும் ஃபிலடெல்ஃபியாவில் தொடங்கிய சங்கம், வீட்டை நேரில் சோதித்த பிறகே ஏற்றது. வாசலில் மரம் நிற்கும் வீடுகளைப் பின்னாளில் மறுத்தது; அவற்றை ஏற்கவென்றே 1784இல் இன்னொரு சங்கம் பிறந்தது. 1943ஆம் ஆண்டின் நியூயார்க் தீ பாலிசியிலும், அதன் 165 வரிகளுக்குள், இதே எண்ணம்தான்: சொன்ன இடத்தில் இருக்கும்வரையே பொருளுக்குப் பாதுகாப்பு, ஆபத்திலிருந்து காக்க வேறிடம் கொண்டுபோனால் 5 நாள் மட்டும். கப்பல் காப்பீட்டுக்கோ சரக்கு நகர்வதே இயல்பு. அதனால்தான் கரையில் பயணிகளின் பெட்டிகளையும் நகைகளையும் கப்பல் காப்பீட்டு நிறுவனங்கள் ஏற்றன. அவை எதுவரை போகலாம் என்று 1933இல் அமெரிக்க மாநிலங்களின் காப்பீட்டு ஆணையர்கள் எல்லை வகுத்தபோதும், பயணியின் உடைமைகள் அவற்றின் பக்கமே இருந்தன. ஒரே நிறுவனம் பலவகைக் காப்பீடு விற்பதற்கிருந்த சட்டத் தடைகள் 1940களின் இறுதியில் தளர்ந்தன. 1950இல் வீட்டுக்கான கூட்டுப் பாலிசியைக் கொண்டுவந்தது, 1792இல் அதே ஃபிலடெல்ஃபியாவில் கப்பல் காப்பீட்டோடு தொடங்கிய 'இன்சூரன்ஸ் கம்பெனி ஆஃப் நார்த் அமெரிக்கா'. வாடகைதாரர் பாலிசி இந்தக் குடும்பத்தின் கிளை.

திருட்டுக் காப்பீட்டைத் தனி நிறுவனங்கள் முன்பே விற்றனவே என்று கேட்கலாம். உண்மைதான், திருட்டு என்ற ஆபத்து அங்கிருந்து வந்தது. ஆனால் பொருள் உலகில் எங்கிருந்தாலும் பாதுகாப்பு உண்டு என்ற வீச்சைத் தந்தது கப்பல் மரபு. விடுதிக்காரரும் ரயில்காரரும்தான் பொறுப்பேற்றார்களே என்பது இன்னொரு வாதம். தங்குபவரின் பொருளுக்கு விடுதிக்காரர் பொறுப்பு என்று ஆங்கிலச் சட்டம் 1584ஆம் ஆண்டு வழக்கிலேயே வகுத்தது மெய். ஆனால் 1863இல் இங்கிலாந்தின் சட்டமே அந்தப் பொறுப்பைப் பெரும்பாலும் 30 பவுண்டோடு நிறுத்தியது. விமானத்தில் ஏற்றிய பெட்டிக்கு 1929இன் வார்சா உடன்படிக்கை கிலோவுக்கு 250 பொன் ஃபிராங்க் என உச்சவரம்பு வைத்தது. பிறர் பொறுப்பு சுருங்கச் சுருங்க, பயணி தன் பாதுகாப்பைத் தானே சுமந்து செல்ல வேண்டியதாயிற்று.

இடத்தைப் பற்றிய பழைய அச்சம் முழுதும் நீங்கிவிடவில்லை. வேறொரு குடியிருப்பில் வழக்கமாக வைத்திருக்கும் பொருளுக்குப் பொதுவாக மொத்தத் தொகையில் 10 சதவீதமே வரம்பு. பரவலாகப் புழங்கிய படிவம் ஒன்றில் பணத்துக்கு 200 டாலர், திருடு போன நகைக்கு 1,500 டாலர்தான். ஆகவே பயணம் கிளம்பும் வாடகைதாரர், பாலிசி கைவசம் இருக்கிறது என்ற நிம்மதியோடு நின்றுவிடாமல், இந்த வரம்புகளையும் தாம் ஏற்க வேண்டிய முதல் பங்கையும் படித்துப் பார்த்துவிட வேண்டும்.