வறட்சியில் வந்த காய்ச்சல்

மழைக்காலத்தில் காய்ச்சல் வரும் என்பது கிராமத்து அனுபவம். ஆனால் 20 ஆம் நூற்றாண்டில் இலங்கை கண்ட மிகப் பெரிய மலேரியாக் கொள்ளைநோய் மழையால் வந்ததல்ல. மழை பெய்யாததால் வந்தது. 1934 இல் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. இருகரை தொட்டு ஓடும் மா ஓயாவும் தெதுரு ஓயாவும் மணல் தெரிய வற்றின. ஆற்றின் நடுவே குட்டை குட்டையாகத் தேங்கி நின்ற தெளிந்த நீரில் அனோபிலிஸ் நுளம்புகள் பெருகின. ஒக்டோபர் மாதமளவில் கேகாலை, குருநாகல் பகுதிகளில் காய்ச்சல் பரவத் தொடங்கியது. அடுத்த ஆண்டு முடிவதற்குள் ஏறத்தாழ 80,000 உயிர்கள் போய்விட்டன. அன்றைய நாட்டின் மொத்தச் சனத்தொகை சுமார் 55 இலட்சம்தான்.

இந்த நோயை எமது மூத்தோர் முறைக்காய்ச்சல் என்றார்கள். காரணப் பெயர்தான் அது. முதலில் பல் கிட்டும் குளிர். எத்தனை போர்வை போர்த்தாலும் உடல் நடுங்கும். பிறகு நெருப்பாய்க் கொதிக்கும் காய்ச்சல், தலையிடி, வாந்தி. அதன் பின்னர் பாயே நனையும் வியர்வை. வியர்த்து முடிந்ததும் நோயாளி எழுந்து நடமாடுவார். சுகம் வந்துவிட்டது என்று வீட்டார் ஆறுதல் அடைவார்கள். ஒருநாள் இடைவெளி விட்டு மீண்டும் அதே குளிர். இந்த முறை தவறாமையை வைத்தே பழைய வைத்தியர்கள் நோயை இனங்கண்டார்கள். 1037 இல் காலமான இப்னு சீனா தமது 'அல் கானூன்' நூலில் ஒருநாள் விட்டு வரும் காய்ச்சலையும் இரண்டு நாள் விட்டு வரும் காய்ச்சலையும் வேறு வேறாகப் பிரித்து விளக்கியிருக்கிறார். குறிகளைப் பார்த்த கண் கூர்மையானது. காரணம் மட்டும் எவருக்கும் பிடிபடவில்லை. சதுப்பு நிலத்திலிருந்து எழும் கெட்ட காற்றே காரணம் என ஐரோப்பியர் நம்பினர். மலேரியா என்ற இத்தாலியச் சொல்லின் பொருளே கெட்ட காற்று என்பதுதான்.

1880 இல் அல்ஜீரியாவில் பணிபுரிந்த பிரெஞ்சு இராணுவ வைத்தியர் லவரான், நோயாளியின் இரத்தத்தில் ஓர் ஒட்டுண்ணியைக் கண்டார். 1897 ஓகஸ்ட் 20 ஆம் திகதி, இந்தியாவின் செகந்திராபாத்தில் ரொனால்ட் றொஸ் அதே ஒட்டுண்ணியை நுளம்பின் வயிற்றுச் சுவரில் கண்டார். முறைக்காய்ச்சலின் முறை என்னவென்பது அதன் பிறகே விளங்கிற்று. நுளம்பு கடிக்கும்போது உடலுக்குள் புகும் கிருமி முதலில் ஈரலில் தங்கிப் பெருகுகிறது. பின்னர் செங்குருதிக் கலங்களுக்குள் நுழைகிறது. அங்கும் பெருகி, எல்லாக் கலங்களையும் ஏறத்தாழ ஒரே வேளையில் வெடித்துக்கொண்டு வெளியேறுகிறது. அந்த வெடிப்பின் வேளையே குளிரும் காய்ச்சலும் வரும் வேளை. எமது நாட்டில் அதிகம் காணப்பட்ட விவக்ஸ் வகைக்கு இந்தச் சுற்று 48 மணித்தியாலம். கலங்கள் உடைய உடைய இரத்தம் குறைகிறது. நோயாளி வெளிறிப் போகிறார். உடைந்த கலங்களை அகற்றும் மண்ணீரல் வீங்குகிறது. பல்சிபாரம் என்ற மற்ற வகை இவ்வளவு ஒழுங்காக வராது. அது மூளையையும் சிறுநீரகத்தையும் தாக்கிச் சில நாட்களிலேயே ஆளைக் கொல்லவும் கூடும்.

அப்படியானால் 1934 இல் காரணம் தெரிந்திருந்தது. கொயினா மருந்தும் இருந்தது. இருந்தும் ஏன் இத்தனை பேர் மடிந்தார்கள்? இங்கேதான் வைத்தியம் முடிந்து வரலாறு தொடங்குகிறது.

முதற்காரணம், நோய் வந்த இடம். உலர் வலயத்து மக்கள் ஆண்டுதோறும் மலேரியாவோடு வாழ்ந்தவர்கள். சிறுவயதிலேயே திரும்பத் திரும்பப் பீடிக்கப்பட்டதால், தப்பிப் பிழைத்தவர்களின் உடலில் ஓரளவு எதிர்ப்புச் சக்தி இருந்தது. ஆறுகள் நிறைந்தோடிய பகுதிகளில் நுளம்புக் குடம்பிகளை வெள்ளமே அடித்துச் சென்றுவிடும். அதனால் அங்குள்ளவர்களுக்கு அந்த எதிர்ப்பு இல்லை. ஆறு வற்றியதும் அவர்கள் வேலியில்லாத தோட்டம் போலானார்கள்.

இரண்டாவது காரணம் பசி. உலகப் பொருளாதார மந்தத்தால் தேங்காயும் இறப்பரும் விலை வீழ்ந்திருந்த காலம் அது. கூலி வேலை இல்லை. வறட்சியால் வயலும் இல்லை. வெறும் வயிற்றுக்குள் போன கொயினா கிருமியைக் கொன்றாலும், இரத்தம் ஊற உடலில் எதுவும் இருக்கவில்லை. இறந்தவர்களில் குழந்தைகளே அதிகம் என்பது இதையே சொல்கிறது. நுளம்பு எல்லோரையும் கடித்தது. மரணம் வறிய வீடுகளையே அதிகம் தேடிப் போனது.

இதைக் கண்கொண்டு பார்த்தவர்கள் சும்மா இருக்கவில்லை. சூரியமல் இயக்கத்தைச் சேர்ந்த இளைஞர்கள் மருந்தும் உணவும் சுமந்துகொண்டு கேகாலைக் கிராமங்களுக்குள் போனார்கள். டொக்டர் எஸ். ஏ. விக்ரமசிங்கவும் என். எம். பெரேராவும் அவர்களுள் முக்கியமானவர்கள். 1935 டிசெம்பர் 18 இல் லங்கா சமசமாஜக் கட்சி பிறந்தது. 1936 தேர்தலில் ருவன்வெல்லையில் என். எம். பெரேராவும் அவிசாவளையில் பிலிப் குணவர்தனவும் அரசாங்க சபைக்குத் தெரிவானார்கள். இரண்டுமே காய்ச்சல் வாட்டிய பிரதேசங்கள். ஊர் மக்கள் யாரை நினைவில் வைத்திருந்தார்கள் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

1945 - 46 காலப்பகுதியில் வீட்டுச் சுவர்களில் டி.டி.ரி. தெளிக்கும் பணி ஆரம்பமானது. 1946 இல் ஆயிரத்துக்கு சுமார் 20 ஆக இருந்த மரண வீதம் மறு ஆண்டே சுமார் 14 ஆகக் குறைந்தது. இதில் மருந்தின் பங்கு எவ்வளவு, உணவின் பங்கு எவ்வளவு என்று ஆய்வாளர் இன்றும் வாதிடுகிறார்கள். 1963 இல் நாடு முழுவதிலும் பதிவான மலேரியா நோயாளர் 17 பேர் மாத்திரம். வெற்றி வந்துவிட்டது என்று தெளிப்பு நிறுத்தப்பட்டது, கண்காணிப்பும் தளர்ந்தது. எலஹெரப் பகுதிக்கு மாணிக்கம் அகழத் திரண்டவர்கள் தத்தம் ஊருக்குத் திரும்பியபோது கிருமியும் கூடவே திரும்பியது. 1968 - 69 இல் ஐந்து இலட்சத்துக்கும் அதிகமானோர் படுக்கையில் விழுந்தார்கள். பதினேழுக்கும் ஐந்து இலட்சத்துக்கும் இடையே இருந்தது ஐந்தாறு ஆண்டு மறதிதான்.

அந்த மறதிக்கான விலையை நாம் நெடுங்காலம் செலுத்தினோம். 1999 இல் கூட இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். போர் நடந்த வடக்கு, கிழக்குப் பகுதிகளுக்குள்ளும் சுகாதார ஊழியர்கள் வலைகளையும் மருந்தையும் கொண்டு போனார்கள். பெயர் தெரியாத அந்த ஊழியர்களின் உழைப்பில்தான் 2012 ஒக்டோபரோடு உள்நாட்டுத் தொற்று நின்றது. 2016 செப்டெம்பர் 5 ஆம் திகதி உலக சுகாதார ஸ்தாபனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது.

இன்று எமது வகுப்பறையில் நுளம்பு என்று சொன்னால் டெங்கு என்றுதான் பிள்ளைகளிடமிருந்து பதில் வருகிறது. பகலில் கடிக்கும், சிரட்டையிலும் டயரிலும் பெருகும் ஈடிஸ் நுளம்பை அவர்கள் அறிவார்கள். இரவில் கடிக்கும் அனோபிலிஸை அறியார்கள். அதில் குற்றமில்லை, நோயைக் காணாத தலைமுறை அது. ஆனால் கிருமிதான் ஒழிந்தது, நுளம்பு ஒழியவில்லை. கிணறுகளிலும் தொட்டிகளிலும் பெருகக்கூடிய ஸ்டீபன்சி என்ற புதிய வகை 2016 இறுதியில் மன்னாரில் கண்டறியப்பட்டது. வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவரிடமிருந்து இங்குள்ள ஒருவருக்கு நுளம்பு வழியே மலேரியா தொற்றிய சம்பவம் 2018 டிசெம்பரில் பதிவானது. உடனே கண்டுபிடித்ததால் அந்தச் சங்கிலி அங்கேயே அறுந்தது.

இது எமது சமூகத்தின் வாசலுக்கே வந்து நிற்கும் விடயம். மாணிக்க வியாபாரத்துக்காக மடகஸ்காருக்கும் ஆபிரிக்க நாடுகளுக்கும் போய்வருபவர்கள் எம்மிடையே பலர். இந்தியாவுக்கு ஸியாரத்துக்கும் வியாபாரத்துக்கும் செல்வோரும் அநேகர். அப்படிப் போய் வந்தவருக்குக் காய்ச்சல் கண்டால், அது டெங்கு அல்லது சாதாரணத் தடிமன் என்று கொத்தமல்லி அவித்துக் குடித்துவிட்டுக் கிடக்கக் கூடாது. விவக்ஸ் வகை ஈரலில் உறங்கிக் கிடந்து, ஊர் திரும்பிப் பல மாதங்களுக்குப் பின்னரும் தலைகாட்டும். ஒரு துளி இரத்தப் பரிசோதனை போதும், மருந்தும் உண்டு. மலேரியாவைக் கண்ணால் காணாத இளம் டொக்டருக்கு அது சட்டென்று நினைவுக்கு வராமல் போகலாம். ஆகவே அவர் கேட்க முன்னரே, எந்த நாட்டுக்குப் போனேன், எப்போது திரும்பினேன் என்பதை நோயாளியே சொல்லிவிட வேண்டும். மா ஓயாக் கரையில் மடிந்த குழந்தைகளுக்குக் கிடைக்காத வசதி இது. ஒரு வசனம் சொல்வதால் அது எமக்குக் கிடைத்துவிடும்.