உபதேசியார் முந்திப் போனார்: திருநெல்வேலிச் சபையின் ஊழிய அழைப்பு குறித்து கால்டுவெல்லுக்கு ஒரு மறுப்பு

பாளையங்கோட்டையில் 1903 பிப்ரவரி 12 அன்று இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கப்பட்டது. ஆட்கள் இந்தியர், பணம் இந்தியருடையது, நிர்வாகமும் இந்தியர் கையில் என்பதே அதன் ஏற்பாடு. வேதநாயகம் சாமுவேல் அசரியா அதன் முதல் செயலர். சங்கம் தேர்ந்துகொண்ட முதல் களம் நிஜாம் அரசில் தெலுங்கு பேசும் தோர்ணக்கல் வட்டாரம். நூறாண்டுக்கு மேலாக ஐரோப்பிய மிஷனெரிகளை வரவேற்றுவந்த திருநெல்வேலிச் சபை அன்றைக்குத்தான் தன்னையும் தேவன் அனுப்புகிறார் என்று உணர்ந்தது. சபை வரலாறுகள் பெரும்பாலும் இப்படித்தான் எழுதப்படுகின்றன. வாங்கிய சபை கொடுக்கும் சபையாயிற்று என்பது சொல்வதற்கு வசதியான கதை. 1903 க்கு முந்திய நூற்று முப்பது ஆண்டுகளின் தொடக்க காலத்தை யார் எழுதிவைத்தார் என்று பார்த்தால், அந்த வசதி எங்கிருந்து வந்தது என்பது விளங்கும்.

எழுதிவைத்தவர் ராபர்ட் கால்டுவெல். திருநெல்வேலி மிஷனின் தொடக்க கால ஆவணங்களைத் திரட்டி அவர் 1881 இல் வெளியிட்ட ஆங்கில நூலைத் தொடாமல் இன்றும் இந்தச் சபையின் வரலாற்றை எவரும் எழுத முடியாது. பழைய நாட்குறிப்புகளையும் கடிதங்களையும் தேடித் தொகுத்துத் தந்த அந்த உழைப்புக்கு இக்கட்டுரையும் கடன்பட்டது. ஆனால் நூலின் சட்டகம் தலைப்பிலேயே தெரிகிறது: அது எஸ்.பி.சி.கே., எஸ்.பி.ஜி. என்ற இரண்டு ஆங்கிலச் சங்கங்களின் மிஷன் வரலாறு. ஷ்வார்ட்ஸ் வந்தார், யேனிக்கே வந்தார், கெரிக்கே வந்தார் என்று மிஷனெரிகளின் வருகைகளால் அது நகர்கிறது. வருகைகளுக்கு இடைப்பட்ட காலம் காத்திருப்பாகவோ தேய்வாகவோ தோன்றுவது இந்த அமைப்பின் தவிர்க்க முடியாத விளைவு.

நூல் வந்த நேரத்தையும் கவனிக்க வேண்டும். அதற்கு முந்தைய ஆண்டில்தான் திருநெல்வேலி மிஷனின் நூற்றாண்டு விழா நடந்தது. நூற்றாண்டை 1780 இலிருந்து கணக்கிட்டார்கள். அந்த ஆண்டைச் சேர்ந்த பாளையங்கோட்டைச் சபைப் பதிவேட்டில் நாற்பது பெயர்கள் உள்ளன, முதற்பெயர் குளோரிந்தா. தஞ்சாவூரைச் சேர்ந்த மராட்டியப் பிராமண விதவையான அவர் லிட்டில்டன் என்ற ஆங்கில அதிகாரியுடன் வாழ்ந்தவர். அதைக் காரணம் காட்டி ஷ்வார்ட்ஸ் ஞானஸ்நானம் கொடுக்க மறுத்திருந்தார். லிட்டில்டன் இறந்தபின் 1778 இல் பாளையங்கோட்டையில் கொடுத்தார். பதிவேடு என்பது சபை ஒழுங்குபட்டதற்குச் சான்று. விழா எடுக்க ஒழுங்குபட்ட சபைதான் வேண்டும் என்பதால் 1780 ஐத் தொடக்கமாகக் கொண்டதில் நிர்வாக அளவில் தவறில்லை. கேள்வி வேறு: அந்த நாற்பது பேரும் எப்படிச் சேர்ந்தார்கள்? அப்போது பாளையங்கோட்டையில் தங்கி ஊழியம் செய்த ஐரோப்பிய மிஷனெரி எவரும் இல்லை. முதலில் தங்கியவர் யேனிக்கே. அவர் வந்தது 1791 இல்.

இங்கே ஒரு சிறு பதிவின்மீது நின்று பார்க்க வேண்டும். ஷ்வார்ட்ஸின் 1771 ஆம் ஆண்டு நாட்குறிப்பில் திருநெல்வேலி பற்றிய முதல் குறிப்பு வருகிறது. திருச்சிராப்பள்ளிச் சபையைச் சேர்ந்த சவரிமுத்து என்பவர் பாளையங்கோட்டையில் குடியிருக்கிறார், வாசிக்கக் கற்றவர், அங்கிருக்கும் கத்தோலிக்கருக்கும் பிற சமயத்தாருக்கும் வேதத்தை வாசித்துக்காட்டுகிறார். நம் சபையைச் சேர்ந்த பெண்ணொருத்தியை மணந்த ஆங்கிலேய சார்ஜன்ட் ஒருவரும் இந்தக் காரியத்தில் ஆர்வம் காட்டுகிறார். குறிப்பின் சாரம் இவ்வளவே.

கால்டுவெல் இதை அறியாதவர் அல்லர். அவரே எடுத்துக்காட்டி, மாவட்டத்தைப் பற்றிய முதல் செய்தி இது என்றும் காட்டுகிறார். ஆனால் அவர் நூலில் இது முன்கதையாக நின்றுவிடுகிறது. கதை 1778 இல் ஷ்வார்ட்ஸின் வருகையோடுதான் நடக்கத் தொடங்குகிறது. இக்கட்டுரை மறுப்பது இந்த வைப்புமுறையை. ஷ்வார்ட்ஸ் பாளையங்கோட்டைக்கு வருவதற்கு ஏழாண்டுகளுக்கு முன்பே, எந்தச் சங்கமும் சம்பளம் கொடுத்து நியமிக்காத ஒரு தமிழர் அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தார். அவரை ஷ்வார்ட்ஸ் அனுப்பியதாகக் குறிப்பு சொல்லவில்லை, இருப்பதாகத்தான் சொல்கிறது. பிழைப்புக்காகக் கோட்டை ஊருக்கு வந்தவராகவே அவர் இருந்திருக்கலாம்.

ஒற்றைக் குறிப்பை வைத்து இவ்வளவு சொல்லலாமா என்று கேட்பவர் உண்டு. கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் சவரிமுத்து தனிமரம் அல்லர் என்று எண்ண இடமிருக்கிறது. முத்துக்குளித்துறையில் சேவியர் 1542 முதல் 1544 வரை ஊழியம் செய்தபோது, ஊர்தோறும் கணக்கப்பிள்ளைகளை அமர்த்தி ஜெபங்களைச் சொல்லிக்கொடுக்க வைத்தார். குருவானவர் எப்போதோ ஒருமுறை வருவார். மற்ற நாட்களில் விசுவாசத்தைக் காத்தவர்கள் இந்த உள்ளூர் ஆட்கள். அந்தக் கரையிலிருந்து பாளையங்கோட்டை அதிக தூரமில்லை. சவரிமுத்து வாசித்துக்காட்டியவர்களில் கத்தோலிக்கரும் இருந்தார்கள் என்று குறிப்பே சொல்கிறது. போதகர் இல்லாத இடத்தில் வாசிக்கத் தெரிந்தவர் வாசித்துக்காட்டுவது இந்த வட்டாரத்துக் காதுகளுக்குப் புதிதாக இருந்திருக்க முடியாது. இது நிறுவப்பட்ட தொடர்ச்சி அன்று, பொருத்தமான ஊகம். என்றாலும், 1778 ஐ முதற்பக்கமாக வைப்பதைவிட ஆவணங்களுக்கு இது நெருக்கமானது.

அடுத்த சான்று இவ்வளவு மெலிந்ததல்ல. குளோரிந்தாவின் சபை மிஷனெரிக்காகக் காத்திருக்கவில்லை. தஞ்சாவூருக்கே போய் ஊழியரைக் கேட்டது. அனுப்பப்பட்டவர் சத்தியநாதன், தமிழர். குளோரிந்தாவின் முயற்சியில் எழுந்து 1785 இல் ஷ்வார்ட்ஸ் பிரதிஷ்டை செய்த ஆலயத்தை ஊரார் இன்றும் பாப்பாத்தியம்மாள் கோவில் என்கிறார்கள். சத்தியநாதன் 1790 இல் குருப்பட்டம் பெற்றார். கெரிக்கே 1802 இல் சுற்றுப்பயணம் வந்தபோது ஏராளமானோர் ஞானஸ்நானம் பெற்றதைக் கால்டுவெல் விரிவாகச் சொல்கிறார். அவர் தரும் செய்திகளின்படியே, கெரிக்கே போனபிறகு சத்தியநாதன் கையால் ஞானஸ்நானம் பெற்றவர்கள்தான் எண்ணிக்கையில் கூடுதல்.

அந்தக் கூட்டத்தைத் திரட்டியவர் யார்? சாத்தான்குளத்தை அடுத்த காலங்குடியைச் சேர்ந்த சின்னமுத்து. ஊரைவிட்டுத் தஞ்சாவூர் போய், அங்கே ஞானஸ்நானம் பெற்று, தாவீது சுந்தரானந்தம் என்ற பெயரோடு உபதேசியாராகத் திரும்பியவர். திரும்பியவர் நேரே சொந்தக்காரர்களிடம் போனார். 1797 இல் சண்முகபுரத்தில் அவருடைய உறவு வட்டத்துக் குடும்பங்கள் வேதத்தில் சேர்ந்தன. எதிர்ப்பு கடுமையாக இருந்தது. 1799 இல் நிலம் வாங்கி, துன்புறுத்தப்பட்டவர்களைக் குடியேற்றி, அந்த ஊருக்கு முதலூர் என்று பெயரிட்டார்கள்; முதலில் குடியேறியவர்கள் 28 பேர். கட்டபொம்மன் கயத்தாறில் தூக்கிலிடப்பட்டதும் அதே ஆண்டில்தான். பாளையங்கள் கலங்கிக்கிடந்த அந்தக் காலத்தில், கிறிஸ்தவர்களைக் காக்கச் சுந்தரானந்தம் தடிக்கம்புக்காரர்களைச் சேர்த்துக்கொண்டார் என்ற செய்தியும் உண்டு. அவர் எப்போது, எப்படி இறந்தார் என்பது முடிவாகவில்லை. பகைவர்கள் கொன்றார்கள் என்பது சபை வழக்கு. ஆண்டைப் பொறுத்தவரை நூலுக்கு நூல் வேறுபாடு.

கால்டுவெல்லின் சங்கடம் இங்கேதான் தொடங்குகிறது. 1857 இல் வெளியான தம் சொற்பொழிவுகளில் அவர் ஒன்றை ஒளிக்காமல் சொன்னார்: கிறிஸ்தவத்துக்கு வந்தவர்களில் மிகப் பலர் பாதுகாப்பும் உதவியும் நாடி வந்தவர்கள், உயர்ந்த நோக்கங்களை அவர்களிடம் எதிர்பார்ப்பது அறியாமை. நேர்மையான பேச்சு. ஆனால் அதில் ஓர் அளவுகோல் ஒளிந்திருக்கிறது. உறவு, சாதி, நிலம், பாதுகாப்பு ஆகியவற்றிலிருந்து விலகி நிற்கும் அழைப்பே உண்மையான தெய்வ அழைப்பு என்பது அந்த அளவுகோல். சீமையை விட்டுக் கடல் கடந்து இடையன்குடியில் வந்து அமர்ந்த மனிதருக்கு அது இயல்பாக இருந்திருக்கும். அதை வைத்து அளந்தால் சுந்தரானந்தம் அனுப்பப்பட்டவராகத் தெரியமாட்டார். சொந்தக்காரர்களைச் சேர்த்துக்கொண்ட துடுக்கான மனிதராகத்தான் தெரிவார். யோர்தானுக்கு அப்பால் மேசியாவைக் கண்ட அந்திரேயா முதலில் தன் சகோதரனைத்தான் தேடிப் போனான் என்று சுவிசேஷம் சொல்வதைக் கால்டுவெல் அறியாதவரா?

1806 முதல் 1816 வரையிலான பத்தாண்டுகளும் இப்படித்தான் அளக்கப்பட்டன. யேனிக்கே இறந்துவிட்டார், கெரிக்கேயும் இல்லை. மிஷனெரி ரிங்கல்தௌபே சில காலம் பார்த்துக்கொண்டு பிறகு திருவிதாங்கூர்ப் பக்கம் போய்விட்டார். நடுவில் கொள்ளைக் காய்ச்சல் வேறு. 1816 இல் பாளையங்கோட்டைக்கு வந்த சாப்ளின் ஹஃப் எண்ணிப் பார்த்தபோது மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் இருந்தார்கள்; நாட்டுக் குருமார்களும் உபதேசியார்களும் அவர்களை நடத்திவந்தார்கள். 1803 அளவில் ஐந்தாயிரத்தைத் தாண்டியிருந்த சபை சுருங்கிவிட்டது என்று இதைப் படிக்கலாம். கால்டுவெல்லின் பக்கங்களில் மேலோங்கும் தொனி அதுதான். ஊரில் தங்கி நடத்த ஐரோப்பியர் இல்லாமலும் மூவாயிரம் பேர் கலையாமல் நின்றார்கள் என்றும் படிக்கலாம். எண்கள் இரண்டு வாசிப்புக்கும் இடம் கொடுக்கின்றன. ஆனால் அனுப்பும் உணர்வைத் தேடுபவருக்கு இரண்டாவது வாசிப்பு அதிகம் சொல்கிறது.

மிஷனெரி ரேனியஸின் காலத்தை விரைவாகக் கடக்கலாம். 1820 முதல் 1838 வரையிலான அந்த வளர்ச்சியைப் பலர் எழுதியாயிற்று. ஆய்வுக்குரிய திருப்பம் 1854. அந்த ஆண்டில் மிஷனெரி ராக்லாந்தும் அவருடைய தோழர்களும் வடதிருநெல்வேலியில் கூடாரம் அடித்து ஊர் ஊராகப் போகத் தொடங்கினார்கள். தெற்கிலிருந்த சபைகள் தங்கள் உபதேசியார்களைத் தங்கள் காணிக்கையிலேயே முறைவைத்து அங்கே அனுப்பின. ஏறக்குறைய அதே காலத்தில் இலங்கை மலையகத்தின் காப்பித் தோட்டத் தொழிலாளரிடையே ஊழியம் செய்யவும் திருநெல்வேலி உபதேசியார்கள் போனார்கள். ஆக, 1903 க்கு அரை நூற்றாண்டு முன்பே இந்தச் சபை ஆளும் பணமும் அனுப்பிக்கொண்டிருந்தது. கட்டளை ஐரோப்பியருடையது என்பதை மறுப்பதற்கில்லை. தன்னைத் தானே தாங்கி, தன்னைத் தானே நடத்தி, தானே பரவும் சபை என்று சி.எம்.எஸ். என்ற மற்றோர் ஆங்கிலச் சங்கத்தின் செயலர் ஹென்றி வென் லண்டனிலிருந்து வலியுறுத்திவந்த கொள்கையும் இதற்குத் துணை நின்றது.

ஆளுகையும் அனுப்புதலும் ஒன்றோடொன்று கட்டாயம் சேர்ந்து வருவதில்லை என்பதற்கு இதே மண்ணில் ஒரு மறுசான்று உண்டு. நாசரேத் மிஷனோடு முரண்பட்டு, கால்டுவெல் சாணார்களைப் பற்றி 1849 இல் எழுதிய நூலாலும் சினம்கொண்டு, அருமைநாயகம் சட்டாம்பிள்ளை 1857 இல் தனிச் சபை கண்டார். மிஷனெரி வேண்டாம், மிஷன் பணமும் வேண்டாம், சனிக்கிழமை ஓய்வுநாள். திருநெல்வேலியில் முழுத் தன்னாட்சி பெற்ற முதல் புராட்டஸ்டண்ட் சபை அதுதான் எனலாம். ஆனால் பிரகாசபுரத்தை மையமாகக் கொண்ட அந்தச் சபை வேறு மொழி பேசுவோரிடம் ஆள் அனுப்பும் வழியில் போகவில்லை. விடுதலைதான் அனுப்புதலைப் பெற்றது என்று தேசிய நோக்கில் எழுதுவோர் இந்தச் சபையைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

அப்படியென்றால் 1903 இல் புதிதாக நடந்தது என்ன? அசரியா 1902 இல் யாழ்ப்பாணம் போனார். அங்கிருந்த தமிழ்க் கிறிஸ்தவ மாணவர்கள் தங்கள் சொந்தச் சங்கத்தின் மூலம் கடலுக்கு இப்பால் தொண்டிப் பகுதிக்கு ஊழியர் அனுப்புவதைக் கண்டார். இராமநாதபுரம் சீமைக்கு யாழ்ப்பாணத்தார் ஆள் அனுப்ப, பக்கத்திலிருக்கும் திருநெல்வேலியார் சும்மா இருப்பதா என்ற உறுத்தலோடு திரும்பினார். இந்த வெட்கம் சங்கத்துக்குத் தூண்டுகோல் என்பது பலரும் ஒப்புக்கொண்ட செய்தி, ஒய்.எம்.சி.ஏ. வழியாக வந்த ஷெர்வுட் எட்டியின் நட்பும் சேர்ந்தது. ஆனால் யாழ்ப்பாணத்தார் போன இடமும் தமிழ் பேசும் இடமே. சண்முகபுரத்தில் உறவு, வடதிருநெல்வேலியிலும் மலையகத்திலும் மொழி என்று அதுவரை ஏதோ ஒரு கட்டு அனுப்புதலுக்கு வழிகாட்டியது. உறவும் இல்லாத, மொழியும் தெரியாத தோர்ணக்கலுக்குச் சாமுவேல் பாக்கியநாதன் முதல் மிஷனெரியாகப் போய்த் தெலுங்கு படித்தபோதுதான் அந்தக் கட்டு அறுந்தது. 1909 இல் அசரியாவே அங்கு போனார். 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தாவில் தோர்ணக்கல் பேராயராக அபிஷேகம் பெற்று, ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானார்.

கால்டுவெல் கேட்ட அளவுகோலுக்கு இது முழுவதும் பொருந்துகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். உறவைக் கடந்த அழைப்பு என்ற அவருடைய இலக்கணம் 1903 க்குச் சரி. அதையே 1797 க்கும் பூட்டியதுதான் பிழை. பிடியரிசி எடுத்துவைத்துச் சங்கத்துக்குக் காணிக்கை கொடுத்த பெண்களிடம் இரண்டு காலங்களும் ஒன்றாக இருந்திருக்கக் கூடும். சொந்த ஊர் உபதேசியாருக்குக் கொடுத்துப் பழகிய கை அது.

உறவையும் மொழியையும் கடந்து அனுப்பும் மனத்துக்குச் சபை வந்த இந்தத் திருப்பம் 1854 க்கும் 1903 க்கும் இடையே எப்போது நிகழ்ந்தது என்பது திறந்த கேள்வி. வடதிருநெல்வேலிக்கு உபதேசியார்களை அனுப்பிய சேகரங்களும், தோர்ணக்கலுக்கு முதலில் பணம் கொடுத்த சேகரங்களும் ஒன்றுதானா என்று ஒப்பிட்டால் பாதி விடை கிடைக்கும். தடை என்னவென்றால், முதலூர், நாசரேத் வழி எஸ்.பி.ஜி. உடையது, மெய்ஞ்ஞானபுரமும் வடக்கு ஊழியமும் சி.எம்.எஸ். உடையவை. 1896 இல் திருநெல்வேலித் திருமண்டலம் உருவாகி ஒரே பேராயரின் கீழ் இரண்டும் வந்த பிறகும் பழைய தாள்கள் பிரிந்தே கிடக்கின்றன: எஸ்.பி.ஜி. ஆவணங்கள் ஆக்ஸ்ஃபோர்டில், சி.எம்.எஸ். ஆவணங்கள் பர்மிங்ஹாமில். இரண்டையும் ஒரு மேசையில் வைத்துப் படிக்கும்வரை, 1877-78 பஞ்சத்தின்போது வந்து சேர்ந்த ஆயிரக்கணக்கான புதுக் குடும்பங்கள் இந்தத் திருப்பத்தில் வகித்த பங்கையும் அறுதியிட முடியாது.