'எல்.' என்று ஒரு முதலெழுத்து

1836இல் ஜெர்மானிய இசையமைப்பாளர் ராபர்ட் ஷூமன், தாம் நடத்திய இசை இதழில் ஒரு பியானோப் படைப்புக்கு மதிப்புரை எழுதினார். ருஷ்ய மெட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு அதையே பலவிதமாக மாற்றி வாசிக்கும் தனிப் பியானோப் படைப்பு அது. இயற்றியவர் பெயர் 'எல். ஃபராங்க்'. இளம் இசையமைப்பாளன் ஒருவன் இப்படி எழுதிக்கொண்டு வந்தால் அவனை மிகவும் பாராட்டுவேன் என்ற பொருளில் தொடங்குகிறார். பிறகுதான், அந்த 'எல்.' ஒரு பெண், பாரிஸ் பதிப்பாளர் ஒருவரின் மனைவி என்று தமக்குத் தெரியவந்ததைச் சொல்கிறார்.

நான் தமிழ் கற்பிப்பவள். நம்மிடம் 'அவர்' இருக்கிறது. அதை வைத்து மொழிபெயர்த்தால் ஷூமனின் தடுமாற்றம் கண்ணுக்கே தெரியாமல் போய்விடும். மரியாதைச் சொல் எதையெல்லாம் மூடிவைக்கும் என்று அன்று யோசித்தேன். அதனால் மேலே 'அவனை' என்றே எழுதியிருக்கிறேன்.

அவள் பெயர் லூயிஸ் ஃபராங்க். 1804இல் பாரிசில், சிற்பிகள் குடும்பத்தில் பிறந்தவள். பாரிஸ் இசைக்கல்லூரியின் இசையமைப்பு வகுப்பில் பெண்களுக்கு இடமில்லாத காலத்தில், அங்கே கற்பித்த அன்டன் ரெய்ஷாவிடம் பாடம் கேட்டாள். 1821இல் புல்லாங்குழல் கலைஞர் அரிஸ்டீட் ஃபராங்கை மணந்தாள். அவர்தான் பின்னர் அந்தப் பதிப்பாளர்.

அந்த ருஷ்ய மெட்டுப் படைப்பில் ரெய்ஷாவின் பாடம் கேட்கிறது. ஒரு குரல் சொன்னதை மறுகுரல் சற்றுத் தாமதித்துத் தொடரும் 'கேனன்' வருகிறது. குரல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டு போகும் 'ஃபியூக்' வருகிறது. விரல் வேகம் காட்டிக் கைதட்டல் வாங்கும் வேலை மட்டுமல்ல அது. ஷூமன் இதையெல்லாம் கவனித்து மெச்சினார். கூடவே, ஆசிரியர் ஒருவரின் மேற்பார்வையில் எழுதிய பயிற்சிகளாக இருக்கலாம் என்றும் சொல்லிவைத்தார். அப்போது லூயிஸுக்கு வயது 32. வீட்டில் பத்து வயது மகள் விக்டோரின்.

அந்தப் பாராட்டில் வஞ்சகம் இல்லை என்றே நினைக்கிறேன். ஆனால் ஒரு பெண்ணின் திறமையை ஒப்புக்கொள்வது வேறு, அதற்குரிய கூலியைக் கொடுப்பது வேறு.

1842இல் அதே பாரிஸ் இசைக்கல்லூரியில் லூயிஸ் பியானோப் பேராசிரியரானாள். அவளுக்குக் கொடுத்தது பெண்களின் வகுப்பு. சம்பளம், ஆண் பேராசிரியர்களுக்குக் கிடைத்ததைவிடக் குறைவு. 1850இல் அவளுடைய நோனெட் அரங்கேறியது. ஒன்பது கருவிகளுக்கான படைப்பு. இளம் வயலின் கலைஞர் யோசஃப் யோவாகிமும் அதில் வாசித்தார். அந்த வெற்றியின் சூடு ஆறுவதற்குள், கல்லூரி இயக்குநர் ஓபேருக்கு லூயிஸ் கடிதம் எழுதினாள். ஆண்களுக்கு இணையான சம்பளம் கேட்டாள். கிடைத்தது.

விக்டோரினும் நல்ல பியானோக் கலைஞர். 1859இல் இறந்துபோனாள். அதன்பின் லூயிஸ் பழைய விசைக்கருவி இசையைத் தொகுத்துப் பதிப்பிக்கும் பெரும்பணியில் கணவரோடு இறங்கினாள். 1865இல் கணவரும் போன பிறகு, தொகுதிகளைத் தானே நடத்தி முடித்தாள். முப்பது ஆண்டுகள் கற்பித்து ஓய்வுபெற்று, 1875இல் மறைந்தாள்.

அந்த ருஷ்ய மெட்டை ஒலிப்பதிவில் கேட்கும்போதெல்லாம் நான் ஒரு கணக்குப் போடுகிறேன். 1836இல் மதிப்புரை, 1842இல் வேலை, 1850இல் சமச் சம்பளம். நடுவில் எட்டு ஆண்டுகள், பக்கத்து வகுப்பில் அதே பியானோவைக் கற்பித்தவரைவிடக் குறைவாக வாங்கிக்கொண்டு வீடு திரும்பியிருக்கிறாள்.