நுங்கம்பாக்கம் தூணும் ரகுநாதாச்சாரியின் விண்மீனும்

குடியேற்ற ஆட்சிக்கால இந்தியாவில் நவீன அறிவியல் வளர்ந்த கதையை வரலாற்றாசிரியர் ராஜேஷ் கோச்சர் மூன்று கட்டங்களாகப் பிரித்தார். ஆட்சியாளரின் கருவியாக அறிவியல் இருந்தது முதற்கட்டம். இந்தியர் அதன் ஓரத்தில் நின்று உழைத்தது இரண்டாவது. இந்தியர் தாமே பதில் வினை ஆற்றியது மூன்றாவது. சென்னை வானாய்வகத்துக்கு முதற்கட்டம் கச்சிதமாகப் பொருந்துகிறது. வில்லியம் பெட்ரி 1786இல் எழும்பூரில் தொடங்கிய தனியார் வானாய்வகத்தைக் கிழக்கிந்தியக் கம்பெனி எடுத்துக்கொண்டது கப்பலோட்டத்துக்கும் நில அளவைக்கும்தான். சிக்கல் இரண்டாம் கட்டத்தில் தொடங்குகிறது.

அதற்குள் நுழையுமுன் ஒரு கல்லைப் பார்க்க வேண்டும். மைக்கேல் டாப்பிங் நுங்கம்பாக்கத்தில் கட்டிய வானாய்வகம் 1792இல் முடிந்தது. விண்மீன்கள் உச்சி கடப்பதைக் குறிக்கும் சிறு தொலைநோக்கியைத் தாங்க, பத்து டன் எடையுள்ள கருங்கல் தூண் ஒன்றை நட்டார்கள். டாப்பிங்கின் பெயரும் ரோமன் எண்ணில் ஆண்டும் அதில் உள்ளன. தமிழிலும் தெலுங்கிலும் இந்துஸ்தானியிலும் வாசகம் வெட்டினார்கள். ஆங்கிலேயரின் தாராள மனத்தால் ஆசியாவில் கணித அறிவியல் முதன்முதலாக நடப்பட்ட காலத்தை ஆயிரம் ஆண்டுக்குப் பின் வருவோர் அறியட்டும் என்பது நோக்கமாம்.

‘முதன்முதலாக’ என்பது உண்மையன்று. ஜெய்சிங்கின் தில்லி, ஜெய்ப்பூர் வானாய்வகங்கள் அதற்கு முன்பே எழுந்துவிட்டன. சென்னை வானாய்வகத்தில் பணியாற்றிய ஜான் வாரனே பின்னாளில் இன்னொரு சான்று தருகிறார். புதுச்சேரிப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர் சோழிகளைத் தரையில் பரப்பி, மனப்பாட வாக்கியங்களைக் கொண்டு 1825ஆம் ஆண்டுச் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். தொடக்க நேரத்தில் பிழை நான்கு நிமிடம். முடிவு நேரத்திலோ ஐம்பத்திரண்டு நிமிடம். கணிதருக்குக் கொள்கை தெரியாது என்று வாரன் எழுதினார். இந்தப் பிழைகள் எதைக் காட்டுகின்றன? கணக்கு மரபு உயிரோடிருந்தது. அதை வானத்தோடு ஒப்பிட்டுத் திருத்தும் கருவிதான் கணிதர் கைக்கு எட்டவில்லை.

அந்தக் கருவியைக் கையில் எடுத்தவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. அவர் வானாய்வகத்தில் சேர்ந்தது எந்த ஆண்டு என்பதில் தெளிவில்லை. நாற்பதாண்டுப் பணி என்ற கணக்கை ஏற்றால் 1840ஐ ஒட்டி வரும். 1880இல் காலமானார்.

கோச்சரின் சட்டகத்தில் இவர் ‘ஓரத்தில் உழைத்தவர்’. அதற்குச் சான்று உண்டு. நார்மன் போக்சன் தலைவர், இவர் உதவியாளர். 1862 முதல் 1887 வரை உச்சிவட்டத் தொலைநோக்கியில் திரட்டிய அளவீடுகளிலிருந்து உருவான 5,303 விண்மீன்களின் அட்டவணை போக்சன் பெயரில்தான் வழங்குகிறது. ஆனால் 1867இல் நடந்ததை ஓரத்து வேலை என்று சொல்ல முடியுமா? அவ்வாண்டில் ரகுநாதாச்சாரி ‘ஆர் ரெட்டிகுலி’ என்னும் மாறொளி விண்மீனைக் கண்டறிந்தார். சென்னையிலிருந்து பார்த்தால் அது தென் அடிவானத்துக்கு மேலே ஏறத்தாழ 14 பாகைக்கு மேல் ஏறாது. ஒளி கூடிக் குறைய ஏறக்குறைய ஒன்பது மாதம் ஆகும். அடிவானப் புழுதியில் மங்குவதையும் விண்மீனே மங்குவதையும் பிரித்தறிய ஒரே இரவின் அளவீடு போதாது. பழைய பதிவை நினைவில் வைத்து, இப்போது காண்பதைச் சந்தேகிக்கும் மனம் வேண்டும். அவர் மனத்தில் ஓடியதற்கு நேரடிச் சான்று இல்லைதான். இருந்தாலும், சொன்னதைக் குறித்துக்கொள்ளும் எழுத்தரிடம் இந்தக் கண்டுபிடிப்பு பிறந்திருக்க வழியில்லை என்று இக்கட்டுரை உறுதியாக வாதிடுகிறது.

1868 ஆகஸ்ட் 18 முழுச் சூரிய கிரகணத்தின்போது போக்சன் மசூலிப்பட்டினம் சென்றார். நிஜாம் ஆட்சிப் பகுதியிலிருந்த வனபர்த்திக்குத் தனிக்குழு ஒன்றை நடத்திச் சென்றவர் ரகுநாதாச்சாரி. 1872இல் அரச வானியல் கழகம் அவரை உறுப்பினராக ஏற்றது. திருக்கணிதப் பஞ்சாங்கத்தை வெளியிட்டு, நோக்கிக் கண்டதைக் கணக்கோடு இணைத்தார். 1874 டிசம்பர் 9 அன்று நிகழவிருந்த வெள்ளிக் கோளின் சூரியக் கடப்பு பற்றி ஆங்கிலத்திலும் இந்திய மொழிகளிலும் சிறுநூல் எழுதினார். அதே ஆண்டில், இந்தியரைப் பயிற்றுவிக்க நவீன வானாய்வகம் வேண்டும் என்று மக்களிடம் முறையிட்டார். இது மூன்றாம் கட்டம் அல்லாமல் வேறென்ன? கோச்சரின் கட்டங்கள் தவறல்ல. ஒரே மனிதரின் வாழ்வில் அவை ஒன்றின்மேல் ஒன்று படிந்திருக்கின்றன.

சென்னையில் அந்தக் கற்பிக்கும் வானாய்வகம் எழவில்லை. 1899இல் வானியல் பணிகள் கொடைக்கானலுக்குப் போயின. பல்கலைக்கழகத்தின் கைக்கு வந்த வானாய்வகம் ஹைதராபாத்தில் அமைந்தது. நவாப் ஜாபர் ஜங் 1901இல் நிறுவிய நிஜாமியா வானாய்வகம், 1918ஐ ஒட்டித் தொடங்கிய உஸ்மானியா பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தது. 15 அங்குல கிரப் தொலைநோக்கியும் வானத்தைப் படமெடுக்கும் 8 அங்குல குக் தொலைநோக்கியும் அங்கிருந்தன. 1968இல் ரங்காபூரில் 48 அங்குல எதிரொளிப்புத் தொலைநோக்கி நிறுவப்பட்டது. சென்னை முறையீட்டுக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டு என்று சொல்ல ஆதாரமில்லை. ஆனால் நிஜாமியாவில் பணிபுரிந்த ஒருவரின் மகனான வைணு பாப்பு, சென்னையில் பிறந்து ஹைதராபாத்தில் படித்து, காவலூர் வானாய்வகத்தை உருவாக்கினார். அங்குள்ள 2.34 மீட்டர் தொலைநோக்கி அவர் பெயரைத் தாங்குகிறது.

டாப்பிங்கின் தூண் இன்றும் நுங்கம்பாக்கம் வானிலை ஆய்வு மைய வளாகத்தில் நிற்கிறது. பள்ளிகள் சென்னைக்குச் சுற்றுலா வரும்போது அனுமதி பெற்று அதையும் மாணவருக்குக் காட்ட வேண்டும். அந்த இடத்தில் ரகுநாதாச்சாரியின் பெயரை ஆசிரியர்கள் சொல்லித்தர வேண்டும்.