நிலையான ஒப்பனை: விளக்குக் கரியிலிருந்து புருவ மை வரை

நிலையான ஒப்பனை என்பது புருவம், இமையோரம், உதடு ஆகிய இடங்களில் ஊசியாலோ நுண்கத்தியாலோ தோலைத் துளைத்து, உள்ளே நிறமியைச் செலுத்தி, கழுவினாலும் போகாத நிறம் தரும் முறையாகும். அழகு நிலையங்கள் இதற்கு மைக்ரோபிளேடிங், பெர்மனென்ட் மேக்கப், லிப் பிளஷ் என்று பல பெயர்கள் வைத்திருக்கின்றன. பெயர் எதுவானாலும் செயல் ஒன்றுதான். நம் பாட்டிமார் அதைப் பச்சை குத்துதல் என்றார்கள். திருமணத்துக்கு முன்பு இதைச் செய்துகொள்ள விரும்பும் இளம்பெண்கள் இன்று பலர். அவர்கள் இதன் வரலாற்றையும் கொஞ்சம் அறிந்திருப்பது நல்லது. இன்று எழும் கேள்விகளில் பெரும்பாலானவை முன்பே எழுந்தவை.

பழைய தடயங்கள்

ஆல்ப்ஸ் மலைப் பனியில் 1991ஆம் ஆண்டு கண்டெடுக்கப்பட்ட 'ஏட்சி' என்னும் மனிதனின் உடல் ஏறத்தாழ 5,300 ஆண்டுகள் பழமையானது. அதில் 61 பச்சைக் குறிகள் உள்ளன. அவை கரித்தூளால் இடப்பட்ட கோடுகள். தேய்மானம் கண்டிருந்த இடுப்பு, கணுக்கால் போன்ற பகுதிகளில் அவற்றுள் பல இருப்பதால், வலி தீர்க்கும் மருத்துவமாக அவை இடப்பட்டிருக்கலாம் என ஆய்வாளர்கள் கருதுகின்றனர். எகிப்திய மம்மிகளிலும் பச்சைக் குறிகள் காணப்படுகின்றன.

முகத்தில், அதுவும் உதட்டில் நிலையான நிறம் ஏற்றும் வழக்கத்துக்கு நல்ல எடுத்துக்காட்டு ஜப்பானின் வடக்கே ஹொக்கைடோ தீவில் வாழும் ஐனு மக்கள். ஐனுப் பெண்கள் சிறுவயதில் தொடங்கி, திருமணத்துக்கு முன் முடியும்படி, பல ஆண்டுகளாகச் சிறிது சிறிதாக உதட்டைச் சுற்றிக் கீறி, பூர்ச்ச மரப்பட்டையை எரித்த கரியைத் தேய்ப்பார்கள். ஐனுக்களிடம் அது பெண்மையின் முழுமை. ஜப்பானிய அரசோ 1871இல் அதைத் தடை செய்தது. தடைக்குப் பிறகும் பலர் மறைவாகச் செய்துகொண்டனர். நியூசிலாந்தின் மாவோரிப் பெண்களும் உதட்டிலும் முகவாயிலும் பச்சை குத்திக்கொள்கின்றனர். இடையில் குறைந்திருந்த அந்த வழக்கம் இன்று பெருமையோடு மீண்டுவருகிறது.

முகத்தில் இடப்பட்ட தண்டனை

இதே ஊசி இன்னொரு வேலையும் செய்திருக்கிறது. கிரேக்கரும் உரோமரும் தப்பியோடிய அடிமைகளின் நெற்றியில் பச்சை குத்தினர். அந்தக் குறிக்குக் கிரேக்க மொழியில் 'ஸ்டிக்மா' என்று பெயர். அச்சொல் இன்று ஆங்கிலத்தில் அவமானக் கறையைக் குறிக்கிறது. 4ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன், குற்றவாளிகளின் முகத்தில் குறியிடக் கூடாது என்று சட்டமிட்டார். முகம் தெய்வீக அழகின் சாயலில் அமைந்தது என்பது அவர் சொன்ன காரணம். கையிலும் காலிலும் இடலாம் என்று விட்டுவிட்டார்!

இந்தியாவிலும் இது நடந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியில் வங்காளத்தில் 1797 முதல் ஆயுள் கைதிகளின் நெற்றியில் பெயர், குற்றம், தீர்ப்பு நாள் போன்ற விவரங்களைப் பச்சை குத்தும் தண்டனை நடைமுறையில் இருந்தது. இதனைக் 'கோத்னா' என்றனர். வடநாட்டில் பெண்கள் அழகுக்காகக் குத்திக்கொள்ளும் பச்சைக்கும் இதே பெயர்தான். விடுதலையானாலும் எழுத்து போகாது. தலைப்பாகையைப் புருவம்வரை இறக்கிக் கட்டி மறைத்தவர்கள் உண்டு. 1849இல் இத்தண்டனை ஒழிக்கப்பட்டது.

தமிழ்நாட்டுப் பச்சை

தமிழ்நாட்டில் பச்சை குத்தும் தொழிலைப் பெரும்பாலும் குறவர் இனப் பெண்கள் செய்துவந்தனர். முன்கையில் கோலம், தேள், பெயர். முகவாயிலும் புருவ நடுவிலும் ஒரு புள்ளி. இவை வழக்கமான வடிவங்கள். வலி தெரியாமலிருக்கப் பாட்டுப் பாடுவார்கள். கூலி பெரும்பாலும் நெல்லோ அரிசியோதான்.

மை தயாரிக்கும் முறையை எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியான தம் தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் என்ற தொகுதியில் பதிவுசெய்திருக்கிறார். மஞ்சள் பொடியையும் அகத்திக் கீரையையும் சேர்த்து அரைத்து, மெல்லிய துணியில் வைத்துத் திரியாகச் சுருட்டி, ஆமணக்கெண்ணெய் விளக்கில் எரிப்பார்கள். மேலே புது மண்சட்டியைக் கவிழ்த்தால் அதன் உட்புறம் கரி படியும். அதைச் சுரண்டித் தாய்ப்பாலிலோ தண்ணீரிலோ குழைத்தால் மை தயார். சேர்த்துக் கட்டிய சில தையல் ஊசிகளே கருவி.

இங்கே மாணவர்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. குத்துவது கறுப்புக் கரி; பெயர் மட்டும் ஏன் பச்சை? விடை இயற்பியலில் உள்ளது. கரித்துகள் தோலின் இரண்டாம் அடுக்கில் கிடக்கிறது. அதற்கு மேலுள்ள தோல் நீல ஒளியை அதிகம் சிதறடித்துத் திருப்பி அனுப்புகிறது. சிவப்பு ஒளி உள்ளே ஆழமாகச் சென்று கரியால் உறிஞ்சப்படுகிறது. ஆகவே கறுப்பு நம் கண்ணுக்கு நீலமும் பச்சையுமாகத் தெரிகிறது. என் பாட்டியின் முன்கையில் இருந்த கோலத்தைக் கடைசிக் காலத்தில் யாராலும் கோலம் என்று சொல்ல முடியாது. கோடுகள் பரவி, பாசி படிந்த கல்போல ஆகியிருந்தது. புருவத்தில் ஆழமாகச் செலுத்தப்படும் கரிமைக்கும் இதே கதிதான். சில ஆண்டுகளில் புருவம் நீலச்சாம்பலாக மாறிவிட்டது என்று இன்று வரும் குறைகளுக்குக் காரணம், பெரும்பாலும் மை வேண்டிய அளவைவிட ஆழமாகப் போனதே.

1970களில் அ.தி.மு.க. தொண்டர்கள் கட்சிக்கொடியைக் கையில் பச்சை குத்திக்கொள்ள வேண்டும் என எம்.ஜி.ஆர். கேட்டுக்கொண்டதையும், பலர் அவ்வாறே செய்துகொண்டதையும் மூத்தவர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். பிற்பாடு கட்சி மாறியவர்கள் முழுக்கைச் சட்டையை நாட வேண்டியதாயிற்று!

மின் ஊசியும் இலண்டன் கன்னங்களும்

தாமஸ் எடிசன் 1876இல் மின்பேனா ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். தாளில் நுண்துளைகள் இட்டு, படிகள் எடுப்பதற்கான அலுவலகக் கருவி அது. அந்த வடிவமைப்பை ஒட்டி, நியூயார்க்கைச் சேர்ந்த சாமுவேல் ஓ'ரைலி 1891இல் பச்சை குத்தும் மின்கருவிக்குக் காப்புரிமை பெற்றார். இலண்டனில் சதர்லாந்து மெக்டொனால்டு 1894இல் தம் கருவிக்குப் பெற்றார். ஜெர்மின் தெருவில் தொழில் நடத்திய இதே மெக்டொனால்டு, 1902 வாக்கில் வெளிறிய கன்னங்களுக்கு நிலையான இளஞ்சிவப்பு நிறம் ஏற்றித் தந்தார். இன்றைய நிலையான ஒப்பனையின் முதல் பதிவாக இதையே குறிப்பிடுகின்றனர்.

1930களில் இது இலண்டனில் நாகரிகமாயிற்று. அப்போது புகழ்பெற்றிருந்தவர் ஜார்ஜ் பர்ச்செட். 1953இல் அவர் இறந்த பின்னர் வெளியான நினைவுக்குறிப்பில் ஒரு செய்தி இருக்கிறது. என்னைக் கேட்டால் இந்த வரலாற்றிலேயே மிக முக்கியமானது அதுதான். மேல்தோலுக்குக் கீழே தாவரச் சாயம் ஏற்றும் 'நிறச் சிகிச்சை' என்று சொல்லி அழகு நிலையங்கள் பல பெண்களுக்குப் பச்சை குத்தின; தங்களுக்குக் குத்தப்பட்டது பச்சை என்பதே அப்பெண்களுக்குத் தெரியாது. ஏறக்குறைய 90 ஆண்டுகள் ஆகியும் நிலைமை முழுவதும் மாறிவிடவில்லை. 'அரை நிரந்தரம்', 'மேல்தோலில் மட்டும்', 'ஓராண்டில் தானாகப் போய்விடும்' என்ற விளம்பரச் சொற்களை நம்பி வந்தவர்கள், ஐந்தாண்டு கழித்தும் சிவந்த நிழல்போலப் புருவத்தில் எஞ்சிய மையோடு தோல் மருத்துவரிடம் செல்கின்றனர்.

மருத்துவமும் இதைப் பயன்படுத்தியிருக்கிறது. கண்ணின் கருவிழியில் விழுந்த வெண்தழும்பை மறைக்க 2ஆம் நூற்றாண்டில் காலன் முயன்றார். 1869இல் லூயி வான் வெக்கர் இந்தியன் மையைக் கொண்டு கருவிழியில் பச்சை குத்தினார். 1984இல் அமெரிக்கக் கண் மருத்துவர் ஜியோரா ஆங்கிரஸ் இமையோரத்தில் மை பதிக்கும் முறையை மருத்துவ இதழில் வெளியிட்டார். கை நடுக்கம் உள்ளவர்கள், ஒப்பனைப் பொருள் ஒவ்வாதவர்கள், முடி உதிர்வு நோயால் புருவம் இழந்தவர்கள் ஆகியோருக்கு இது உண்மையான உதவி. மார்பகப் புற்றுநோய் அறுவைக்குப் பின் முலைக்காம்பின் நிறத்தை மீட்டுத் தருவதும் இதே கலைதான். எனவே இத்தொழிலை முழுவதுமாக ஒதுக்கிப் பேசுவது சரியாகாது.

தோலுக்குள் நடப்பது

உள்ளே சென்ற மைத்துகளை உடலின் பாதுகாப்புச் செல்கள் விழுங்குகின்றன. ஆனால் செரிக்க முடிவதில்லை. அச்செல் இறக்கும்போது வெளியாகும் மையை அடுத்த செல் விழுங்குகிறது. இதனை 2018இல் பிரான்சு ஆய்வாளர்கள் எலிகளில் காட்டினர். பச்சை அழியாதிருப்பதன் காரணம் இந்தக் கைமாற்றம்தான். மையின் ஒரு பகுதி நிணநீர்க் கணுக்களுக்கும் போய்ச் சேருகிறது.

ஆகவே என்ன மை என்பது சிறிய கேள்வியன்று. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் தோலுக்குள் செலுத்துவதற்கென எந்த நிறமியையும் அங்கீகரிக்கவில்லை. 2003, 2004ஆம் ஆண்டுகளில் அந்நாட்டில் ஒரு நிறுவனத்தின் ஒப்பனை மைகளால் வீக்கம், கொப்புளம், தோல் உரிதல், தழும்பு என 150க்கும் மேற்பட்ட புகார்கள் வந்தன. ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜனவரி 4 முதல் பச்சை மைகளிலும் நிலையான ஒப்பனை மைகளிலும் 4,000க்கும் மேற்பட்ட வேதிப்பொருள்களுக்குத் தடையோ வரம்போ விதித்துள்ளது.

செய்துகொள்ளுமுன்

ஊசி உங்கள் கண்முன் உறை பிரிக்கப்பட வேண்டும். மையும் உங்களுக்கென்று புதிதாகச் சிறு கிண்ணத்தில் ஊற்றப்பட வேண்டும். ஒரே ஊசிக்கட்டால் ஊர்ப் பெண்களுக்கெல்லாம் குத்திய காலத்தில் எத்தனை நோய் பரவியிருக்கும் என்று யாரும் கணக்கெடுக்கவில்லை. இன்று ஹெபடைடிஸ் பி, சி, எச்.ஐ.வி. ஆகியவை இவ்வழியே பரவக்கூடும் என்பது தெரிந்த செய்தி. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளலாம். மைப்புட்டியில் தயாரிப்பாளர் பெயர், தொகுதி எண், காலாவதி நாள் இருக்கின்றனவா என்று படித்து, கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு ஒவ்வாமை வந்தால் மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.

காதோரம் சிறிது மை வைத்துச் சோதிப்பது நல்லது. ஆனால் சோதனையில் ஒன்றும் வரவில்லை என்பதால் பின்னாளில் ஒவ்வாமையே வராது என்று பொருளில்லை. மாதங்கள், ஆண்டுகள் கழித்தும் வரலாம். காயம்பட்ட இடம் தடித்து வளரும் தழும்பு இயல்பு உள்ளவர்கள் இதைத் தவிர்க்க வேண்டும். நம்மைப் போன்ற கருந்தோலினரிடம் இது கூடுதலாகக் காணப்படுகிறது. கருந்தோலில் உதட்டுக்கு இளஞ்சிவப்பு ஏற்றப்போய், காயம் ஆறியபின் முன்னைவிடக் கறுத்துவிடுவதும் உண்டு. உதட்டில் அடிக்கடி அக்கி வருபவர்களுக்கு ஊசிபட்டதும் அது கிளம்பும். மருத்துவரைக் கேட்டு முன்னரே மருந்து எடுக்க வேண்டும். பரவிக்கொண்டிருக்கும் வெண்புள்ளி உள்ளவர்களுக்குக் குத்திய இடத்திலேயே புதிய வெண்புள்ளி தோன்றலாம். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்கள், முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் எடுப்பவர்கள், கருவுற்றிருப்பவர்கள் ஆகியோர் முதலில் மருத்துவரைப் பார்ப்பதே முறை.

நாள் குறிப்பதிலும் கவனம் தேவை. முதல் வாரம் நிறம் மிகக் கறுப்பாகத் தெரியும். பொருக்கு உதிர்ந்தபின் வெளிறும். நாலைந்து வாரம் கழித்து மறுபூச்சு தேவைப்படும். முகூர்த்தத்துக்குப் பத்து நாள் முன்பு செய்துகொண்டால் திருமணப் படத்தில் பொருக்குத்தான் விழும். குறைந்தது மூன்று மாத இடைவெளி வேண்டும். இந்தியாவில் பச்சை குத்தியபின் 12 மாதம் இரத்ததானம் செய்ய முடியாது. அது நிலையான ஒப்பனைக்கும் பொருந்தும். எம்.ஆர்.ஐ. பரிசோதனைக்குச் செல்லும்போதும் சொல்லிவிட வேண்டும். இரும்பு ஆக்சைடு கலந்த மை இருக்கும் இடத்தில் அரிதாகச் சூடும் எரிச்சலும் ஏற்படுவதுண்டு.

பிடிக்காவிட்டால் லேசரில் அழித்துவிடலாம் என்பார்கள். கறுப்புக் கரிமைக்கு அது ஓரளவு பொருந்தும். புருவ மையிலும் உதட்டு மையிலும் இருப்பது பெரும்பாலும் இரும்பு ஆக்சைடும் டைட்டானியம் டை ஆக்சைடும். லேசர் ஒளி பட்டவுடன் இவை வேதிமாற்றம் அடைந்து, பழுப்பும் இளஞ்சிவப்பும் நொடியில் கறுப்பாகிவிடக்கூடும். அதனால் விவரமறிந்த தோல் மருத்துவர்கள் முழுப் புருவத்திலும் லேசரை ஓட்டமாட்டார்கள். ஓரத்தில் மறைவான ஒரு புள்ளியில் மட்டும் அடித்துப் பார்த்து, சில வாரம் காத்திருந்த பிறகே மேலே தொடங்குவார்கள்.