வெறுப்பு மட்டும் போதுமா? புகையிலை, போதைப்பொருள் ஒழிப்பில் சமூக மனப்பான்மையின் ஆற்றலும் எல்லையும்

ஆய்வுச் சிக்கல்

பேருந்திலும் திரையரங்கிலும் அலுவலக மேசையிலும் புகைத்த காலம் ஒன்று இருந்தது. இன்று பொது இடத்தில் ஒருவர் சிகரெட்டைப் பற்றவைத்தால் சுற்றியிருப்பவர்கள் முகம் சுளிக்கிறார்கள். இந்த மாற்றத்தைக் கண்டு, புகைப்பழக்கமும் போதைப் பழக்கமும் சமூகத்தின் வெறுப்பாலேயே ஒரு நாள் அற்றுப்போகும் என்று நம்புவோர் பலர். இந்த நம்பிக்கைக்குச் சான்று உண்டா என்பதை, இந்தியப் புகையிலைப் பயன்பாட்டை முதன்மைத் தரவாகவும் பிற நாட்டு அனுபவங்களை ஒப்பீடாகவும் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

பின்லாந்தும் நியூசிலாந்தும் புகையற்ற நாடாவதற்கு வகுத்த இலக்கு, பயன்பாட்டை 5%-க்குக் கீழே கொண்டுவருவது. ஒழிப்பு என்பதை இங்கும் அந்தப் பொருளிலேயே கொள்கிறேன். ஒருவர்கூடப் புகைக்காத உலகத்தை எந்தக் கொள்கையும் வாக்களிக்க முடியாது.

என் முடிபு இது: சமூக மனப்பான்மை ஒரு பழக்கத்தின் வடிவத்தையும் இடத்தையும் ஆளையும் மாற்ற வல்லது, தனித்து நின்று அப்பழக்கத்தை ஒழிக்க வல்லதன்று. சட்டமாகவும் வரியாகவும் மருத்துவமாகவும் உருவெடுக்கும்போதுதான் அதற்கு ஒழிக்கும் வலிமை பிறக்கிறது. அதற்கு அந்த வெறுப்பு பயன்படுத்துபவரை விட்டு விற்பவரை நோக்கித் திரும்ப வேண்டும்.

அறிந்தும் விடாதவர்கள்

உலக வயதுவந்தோர் புகையிலை ஆய்வு இந்தியாவில் 2009-10-இல் முதன்முறையும் 2016-17-இல் இரண்டாம் முறையும் நடந்தது. 15 வயது நிரம்பியவர்களுள் புகையிலையை ஏதேனும் ஒரு வடிவில் பயன்படுத்துவோர் இவ்விரு ஆய்வுகளுக்கிடையே 34.6%-லிருந்து 28.6%-ஆகக் குறைந்தனர். ஏழாண்டுகளில் ஏற்பட்ட இந்தச் சரிவு சிறிதன்று. ஆயினும் இரண்டாம் ஆய்வின்போதும் ஏறத்தாழ 26.7 கோடிப் பேர் புகையிலையைப் பயன்படுத்திக்கொண்டிருந்தனர்.

அதே ஆய்வு தரும் வேறு சில எண்களை இதனோடு சேர்த்துப் படிக்க வேண்டும். புகைத்தல் கடும் நோய் தரும் என்று நம்பியவர்கள் 92.4%. மெல்லும் புகையிலையும் அவ்வாறே என்றவர்கள் 95.6%. புகைப்பவர்களிலேயே 55.4% பேர் அதை விட்டுவிட எண்ணியிருந்தனர். மனப்பான்மை மாற்றம் எதைச் சாதிக்க வேண்டுமோ அதில் பெரும்பகுதி ஏற்கெனவே நிறைவேறிவிட்டது என்பதே இதன் பொருள். கெடுதி என்று அறிந்து, விட வேண்டும் என்று விரும்பி, விட முடியாமல் இருப்பவர்களே கோடிக்கணக்கில் எஞ்சியிருக்கிறார்கள்.

நிக்கோட்டினின் இயல்பு இதற்குக் காரணம். அது மூளையில் டோபமின் சுரப்பைத் தூண்டுகிறது. அளவு குறைந்ததும் எரிச்சலும் பதற்றமும் உறக்கக் குலைவும் தொடங்குகின்றன. எந்த உதவியும் இன்றி விட முயல்பவர்களுள் ஓராண்டு தாக்குப்பிடிப்பவர்கள் நூற்றுக்கு ஐவர் அளவிலேயே உள்ளனர். இவர்களிடம் புகையிலையின் தீமையை மேலும் உரக்கச் சொல்வதால் பயன் இல்லை.

மறைவும் மாற்றுப் பொருளும்

தமிழ்ச் சமூகத்தில் புகைப்பதற்கு எதிரான மரபு புதிதன்று. தந்தையின் முன், ஆசிரியரின் முன், ஊர்ப் பெரியவரின் முன் புகைக்கலாகாது என்பது எழுதப்படாத விதி. பெரியவர் வருவதைக் கண்டதும் பீடியைக் கைக்குள் மறைத்துக்கொள்வதும் காலடியில் போட்டு அணைப்பதும் இந்த விதிக்குக் கட்டுப்பட்ட செயல்களே. பல தலைமுறைகளாக நின்று நிலைத்த இவ்விதி எவர் கண்ணில் படாமல் புகைக்க வேண்டும் என்பதைத் தீர்மானித்ததே ஒழிய, புகைப்பதை நிறுத்தவில்லை.

பெண்களின் நிலை இன்னும் தெளிவான சான்று. 2016-17-இல் புகைத்த ஆண்கள் 19.0%, பெண்கள் 2.0% மட்டுமே. சட்டம் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றுதான்; விலையும் ஒன்றுதான். இவ்வளவு பெரிய இடைவெளிக்குச் சமூகக் கட்டுப்பாட்டைத் தவிர வேறு முதன்மைக் காரணம் காண்பது கடினம். மனப்பான்மையின் ஆற்றலுக்கு இதைவிட வலுவான ஆதாரம் வேண்டியதில்லை. ஆனால் அதே ஆண்டில் மெல்லும் புகையிலை போன்ற புகையற்ற வடிவங்களைப் பயன்படுத்திய பெண்கள் 12.8%. வெற்றிலையோடு சேர்த்து வாயில் அடக்கும் புகையிலைக்குக் குடும்பத்துக்குள் இடம் இருந்தது. வீட்டு விருந்தோம்பலிலும் இடம் இருந்தது. சமூகம் விலக்கியது பெண்ணின் வாயிலிருந்து வரும் புகையை. நிக்கோட்டின் வேறு வழியில் அவளைச் சேர்ந்தது; வாய்ப்புற்றுநோயும் உடன் வந்தது.

குட்காவின் வரலாறும் இதையே கூறுகிறது. உணவுப் பொருளில் புகையிலையும் நிக்கோட்டினும் சேர்க்கலாகாது என்ற 2011-ஆம் ஆண்டு விதியின்படி மாநிலங்கள் ஒவ்வொன்றாகக் குட்காவைத் தடை செய்தன. தமிழ்நாடு 2013-இல் செய்தது. உற்பத்தியாளர்கள் பான் மசாலாவை ஒரு பொட்டலத்திலும் புகையிலையை இன்னொரு பொட்டலத்திலும் அடைத்து விற்றனர்; வாங்கியவர் இரண்டையும் கலந்துகொண்டார். ஒரு பெயரின் மீதோ வடிவத்தின் மீதோ விழும் கண்டனத்தை வணிகம் எளிதில் சுற்றிக் கடந்துவிடுகிறது. சுவீடனில் சிகரெட் பெருமளவு குறைந்ததும் ஸ்னூஸ் என்னும் வாய்ப்புகையிலை நிலைத்ததும் உடனிகழ்வுகள். அமெரிக்காவில் பள்ளி மாணவர்கள் சிகரெட்டைக் கைவிட்ட அதே காலத்தில் மின்சிகரெட் அவர்களிடையே பரவியது.

அமெரிக்கச் சான்று சொல்வது என்ன?

மனப்பான்மையே போதும் என்போர் முதலில் காட்டுவது அமெரிக்காவை. 1965-இல் அந்நாட்டில் வயதுவந்தோருள் 42% பேர் புகைத்தனர், 2021-இல் 11.5%. இத்தனை பெரிய வீழ்ச்சியை மறுப்பதற்கில்லை. அது எப்படி நிகழ்ந்தது என்பதே கேள்வி.

1964 ஜனவரியில் தலைமை அறுவை மருத்துவர் லூதர் டெரியின் குழு புகைப்பதற்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை அரசின் முத்திரையோடு அறிவித்தது. 1971-இல் வானொலி, தொலைக்காட்சிகளில் சிகரெட் விளம்பரம் தடை செய்யப்பட்டது. பின்னர் மாநிலங்கள் வரியை உயர்த்தின. விமானங்களிலும் பணியிடங்களிலும் உணவகங்களிலும் புகைக்கத் தடை வந்தது. 1998-இல் 46 மாநிலங்களுடன் சிகரெட் நிறுவனங்கள் பெருந்தொகைக்கு உடன்படிக்கை செய்துகொண்டன. மனமாற்றமும் சட்டமாற்றமும் ஒன்றையொன்று வளர்த்தன. ஒன்றை மட்டும் பிரித்தெடுத்து அதற்கே வெற்றியைச் சூட்டுவது பொருந்தாது.

இந்தியாவில் பல நேரங்களில் சட்டமே முன்னே சென்றது. பொது இடங்களில் புகைப்பதைக் கேரள உயர் நீதிமன்றம் 1999-இல் தடுத்தது. முரளி தேவ்ரா தொடுத்த வழக்கில் 2001-இல் உச்ச நீதிமன்றம் அதை நாடு முழுமைக்கும் விரித்தது. 2003-இல் சிகரெட், பிற புகையிலைப் பொருள்கள் சட்டம் வந்தது. 2008 அக்டோபர் 2 முதல் பொது இடத் தடை விதிகள் விரிவாக நடைமுறைக்கு வந்தன. பேருந்தில் புகைப்பவரைப் பக்கத்து இருக்கைக்காரர் தயங்காமல் கண்டிக்கும் துணிவு இந்தத் தடைகளின் துணையோடு வளர்ந்தது. இன்று நாம் சமூக மனப்பான்மை என்று அழைப்பதில் ஒரு பகுதி சட்டத்தின் விளைவே.

அமெரிக்க வீழ்ச்சியில் இன்னோர் உண்மையும் உண்டு. அங்கே இன்று புகைப்பழக்கம் மிகுந்திருப்பது குறைந்த கல்வியும் குறைந்த வருவாயும் உடையவர்களிடமும் மனநோயால் துன்புறுபவர்களிடமும். நியூசிலாந்தில் மௌரி மக்களிடையே புகைப்பழக்கம் தேசிய அளவைப்போல் இருமடங்குக்கும் மேல். வெறுப்பு வசதியுள்ளவர்களை முதலில் காப்பாற்றுகிறது. வசதியற்றவர்கள் பழக்கத்தோடு அவமானத்தையும் சேர்த்துச் சுமக்கிறார்கள்.

அதே நியூசிலாந்து 2022 டிசம்பரில் ஒரு சட்டம் இயற்றியது: 2009 ஜனவரி 1 அன்றோ அதன் பின்னரோ பிறந்தவர்களுக்கு ஒருபோதும் சிகரெட் விற்கலாகாது, நிக்கோட்டின் அளவைக் குறைக்க வேண்டும், கடைகளை ஏறத்தாழ 6,000-லிருந்து 600-ஆகச் சுருக்க வேண்டும். ஆட்சி மாறியதும், முதன்மை விதிகள் நடைமுறைக்கு வருமுன்பே, 2024 பிப்ரவரியில் அது நீக்கப்பட்டது. புகைப்பதை மதிப்புக்குறைவாகக் கருதும் ஒரு சமூகத்திலேயே இது நடந்தது. மக்களின் மனம் எவ்வளவு மாறினாலும், நிறுவனங்களில் வேர் பிடிக்காத மாற்றத்தை ஒரு தேர்தல் கலைத்துவிட முடியும்.

எதிர்த்திசையில் போகும் மனப்பான்மை

மனப்பான்மை எப்போதும் ஒரே திசையில் நகரும் என்ற அனுமானத்தைப் போதைப்பொருள் வரலாறு குலைக்கிறது. கஞ்சாவைச் சட்டப்படி அனுமதிக்க வேண்டும் என்ற அமெரிக்கர்கள் 1969-இல் 12%. 2023-இல் 70%. நாள்தோறும் அல்லது ஏறக்குறைய நாள்தோறும் கஞ்சா பயன்படுத்துவோர் 2022-இல் 1.77 கோடி என மதிப்பிடப்பட்டது. அதே அளவில் மது அருந்துவோர் 1.47 கோடி. சிகரெட்டை வெறுக்கக் கற்ற அதே சமூகம் இன்னொரு புகையை ஏற்கக் கற்றது.

வலி மாத்திரைகளின் கதை இன்னும் துயரமானது. ஹெராயினின் மீது கடும் வெறுப்புக் கொண்ட அமெரிக்கச் சமூகத்தில், 1996-இல் அறிமுகமான ஆக்சிகான்டின் என்னும் வலிநீக்கி மருத்துவரின் சீட்டோடு வீட்டுக்குள் வந்தது. அதைப் போதைப்பொருள் என்று எவரும் எண்ணவில்லை. ஆகவே போதைக்கு எதிரான மனப்பான்மை எவரையும் காக்கவில்லை. மிகை அளவுப் போதையால் அந்நாட்டில் நேர்ந்த இறப்புகள் 2021-இல் ஒரு லட்சத்தைத் தாண்டின.

இந்தியாவில் வெறுப்புக்குக் குறைவில்லை. அந்த வெறுப்பு மருத்துவத்தின் வாசலை அடைத்து நிற்பதே இங்குள்ள சிக்கல். சமூக நீதி அமைச்சகத்துக்காக அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகம் நடத்தி 2019-இல் வெளியிட்ட ஆய்வின்படி ஓபியாய்டு எனப்படும் அபின் வகைப் பொருள்களைப் பயன்படுத்துவோர் ஏறத்தாழ 2.26 கோடி. மதுவுக்கு அடிமையானவர்களுள் 38 பேருக்கு ஒருவரே ஏதேனும் சிகிச்சையோ உதவியோ பெற்றதாகச் சொன்னார். 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் 27-ஆம் பிரிவில் பயன்படுத்துபவரையும் தண்டிக்கிறது. தாமே சிகிச்சைக்கு முன்வருபவருக்கு 64ஏ பிரிவில் வழக்கிலிருந்து விலக்கும் தருகிறது. குடும்பத்தின் பெயர் கெடும், வேலை போகும், தங்கைக்கு வரன் அமையாது என்று அஞ்சுபவர் இந்த இரண்டாம் பிரிவை எப்படி நாடுவார்?

சூழல் மாறினால் பழக்கம் விடும் என்பதற்கு நல்ல சான்று உண்டு. வியட்நாமில் ஹெராயினுக்கு அடிமையான அமெரிக்கப் படைவீரர்களுள் நாடு திரும்பிய முதலாண்டில் மீண்டும் அடிமையானவர்கள் ஏறத்தாழ 5% மட்டுமே என்று ஆய்வாளர் லீ ராபின்ஸ் 1970-களில் கண்டறிந்தார். அவர்களுக்கு யாரும் ஹெராயினை வெறுக்கப் புதிதாகக் கற்பிக்கவில்லை. மலிவாகக் கிடைத்த பொருள் எட்டாததாயிற்று. போர்க்களம் நீங்கி வீடும் வேலையும் வந்தன.

யாரை நோக்கிய வெறுப்பு?

இதுவரை கண்டவை ஒரே இடத்தில் சந்திக்கின்றன. நம் சமூகத்தின் கண்டனம் கையில் பீடி வைத்திருப்பவரின் மீதே விழுகிறது. அந்தப் பீடியிலிருந்து வருவாய் பெறுபவரை அது தொடுவதில்லை. நாட்டின் மிகப் பெரிய சிகரெட் நிறுவனமான ஐ.டி.சி.யில் அரசின் ஆயுள் காப்பீட்டுக் கழகம் ஏறத்தாழ 15% பங்கு வைத்திருக்கிறது. சிகரெட்டைவிடப் பீடி புகைப்பவர்களே இந்நாட்டில் மிகுதி; ஆயினும் 2025 செப்டம்பரில் சரக்கு-சேவை வரி மன்றம் பீடிக்கான வரியை 28%-லிருந்து 18%-ஆகக் குறைக்கப் பரிந்துரைத்தது. மதுவிலும் இதே முரண். தமிழ்நாட்டில் குடிக்கு எதிரான உணர்வு 2016 சட்டமன்றத் தேர்தலில் கட்சிகளை மதுவிலக்கு வாக்குறுதி தரவைத்தது; தேர்தலில் வென்ற அரசு 500 கடைகளை மூடியது. 2003 முதல் சில்லறை விற்பனையையும் கையில் வைத்திருக்கும் அரசு மது நிறுவனமான டாஸ்மாக் நிலைத்தது.

பீடி வரியை உயர்த்தினால் தொழிலாளர்கள் பாதிக்கப்படுவார்கள் என்ற வாதத்தை ஒதுக்கிவிட முடியாது. திருநெல்வேலி, தென்காசி மாவட்டங்களில் வீட்டுத் திண்ணையில் இலை வெட்டிப் பீடி சுற்றும் பெண்களின் கூலி குடும்பத்தின் அடுப்பை எரியவைக்கிறது. ஆனால் அந்தக் கூலி எப்போதும் குறைவாகவே இருந்துவந்தது. புகையிலைத் தூள் அவர்கள் மூச்சிலும் கலக்கிறது. உயர்த்திய வரியின் ஒரு பங்கை அவர்களுக்கு மாற்றுத் தொழிலாகவும் ஓய்வூதியமாகவும் திருப்பித் தருவதே நேர்மையான வழி. அவர்களைக் காட்டி வரியைக் குறைப்பதால் லாபம் காண்பவர்கள் பீடி முதலாளிகளே.

வரியோடு மருத்துவமும் வேண்டும். நிக்கோட்டின் மாற்றுச் சிகிச்சையை உலக சுகாதார நிறுவனம் 2009-இல் இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. ஒவ்வோர் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அது விலையின்றிக் கிடைக்க வேண்டும். ஓபியாய்டு அடிமைத்தனத்துக்குப் புப்ரினார்பின் கொண்டு செய்யும் சிகிச்சை வட்ட மருத்துவமனைகளை எட்ட வேண்டும். பயன்படுத்துபவரைத் தண்டிக்கும் 27-ஆம் பிரிவு மறு ஆய்வுக்குரியது. போர்ச்சுகல் 2001-இல் சொந்தப் பயன்பாட்டுக்கான சிறிய அளவுகளைக் குற்றவியல் சட்டத்திலிருந்து நீக்கி மருத்துவ, சமூகநலக் குழுக்களிடம் ஒப்படைத்தது.

முடிபு

சமூக மனப்பான்மை இறுதியில் புகைப்பழக்கத்தையும் போதைப் பழக்கத்தையும் ஒழிக்குமா என்ற கேள்விக்குத் தரவுகள் தரும் விடை: தனித்து ஒழிக்காது. புகைப்பதை வெறுத்த சமூகம் மெல்லுவதைப் பொறுத்தது. சிகரெட்டை வெறுத்த சமூகம் கஞ்சாவை ஏற்றது. ஹெராயினை வெறுத்த சமூகம் மாத்திரையை நம்பியது. 5%-க்குக் கீழே என்ற இலக்கு எட்டக்கூடியதே. அதற்குத் தேவையான ஒழுக்கச் சீற்றம் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது; தொண்ணூறு விழுக்காட்டினர் கெடுதி என்று அறிந்துவிட்ட நாட்டில் இன்னும் கெடுதி என்று கற்பிப்பதில் ஆண்டுகளைச் செலவிட வேண்டியதில்லை. அந்தச் சீற்றத்தை வரி மன்றத்திடமும், பொதுப்பணத்தின் முதலீட்டாளர்களிடமும், புதிய பொட்டலத்தோடு வரும் ஒவ்வொரு நிறுவனத்திடமும் காட்டுவோம். விட முடியாமல் தவிக்கும் மனிதருக்கு அவமானத்துக்குப் பதிலாக மருந்தும் துணையும் தருவோம். எஞ்சியிருக்கும் கோடிக்கணக்கானோரைச் சென்றடையும் வழி அதுவே.